மீன்பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர்

உப்புவெளியில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை எனக்கு. சைக்கிளில் பூட்டுகிற சின்ன டூ ஸ்ட்ரோக் என்ஜினை 80 சிசி என்று விற்பார்கள். போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 47 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடுகிற தூரம், 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 66 சிசிதான். அந்தக் குறையை நான் பெரிதாக எடுப்பதில்லை. அதன் நடுக்கம்தான் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது.

நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்கு மீன் கொண்டுபோகிற ஒரு அண்ணன், 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் இப்படி ஒன்றைப் பூட்டியிருந்தார். ஒருநாள் “இழுக்குதில்லை தம்பி” என்று உருட்டிக்கொண்டு வந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், நுனி வெள்ளை. காற்று கூடி பெற்றோல் குறைந்து எரிகிறது. முந்தி என்றால் காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடுகிற ஜெட்டைத்தான் மாற்றியிருப்பேன். இப்போது முதலில், காபரேட்டரை என்ஜினோடு சேர்க்கிற இன்டேக் பைப்பின் இரண்டு நட்டையும் ஆட்டிப் பார்ப்பேன். ஒன்று லூசாக இருந்தது, கேஸ்கெட் வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஒயிலும் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும். நல்லவேளை, அதற்கு முன் வந்துவிட்டார்.

நட்டை இறுக்கிவிட்டுப் பின்சில்லையும் கழற்றினேன்.

“என்ஜின்தானே பழுது, சில்லை ஏன் கழட்டுறீர் தம்பி?”

“என்ஜின் நின்றால் உருட்டிக்கொண்டு வரலாம் அண்ணன். ஓட்டத்தில் செயின் சிக்கினால் சில்லு இறுகிவிடும், விழுந்துவிடுவீங்கள்.”

இந்த என்ஜினின் செயின் ஓடுகிற பெரிய பற்சக்கரத்தை, அதாவது ஸ்ப்ரொக்கெட்டை, ஸ்போக் கம்பிகளின் இரு பக்கமும் ரப்பர் வைத்து 9 போல்ட்டில் நெருக்கியிருப்பார்கள். இழுவை முழுக்கக் கம்பிகளின் மேல். மீன்பெட்டியில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நேரே அங்கேதான் சொட்டியிருக்கிறது. 3 கம்பி துருவேறி, தொட்டால் முறியும் நிலை. கம்பி முறிந்தால் ஸ்ப்ரொக்கெட் சரிந்து செயின் சிக்கிவிடும். கடற்காற்று ஒருபக்கம், இது மறுபக்கம். கம்பிகளை மாற்றி, பெட்டிக்கு அடியில் தகரத் தட்டு வைத்து, தண்ணீரை ஒரு குழாயால் செயினிலும் கம்பியிலும் படாமல் இறக்கிவிட்டேன். தட்டும் குழாயும் வைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஒயில் அளவையும் சொல்லி அனுப்பினேன்: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி. சிலிண்டர் மூடியைப் பிடிக்கிற ஹெட் நட்டு நான்கையும் என்ஜின் ஆறிய பிறகு குறுக்காக இறுக்க வேண்டும். சந்தையிலிருந்து திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, ஒயில் போட வேண்டும்.

போன கிழமை வந்தார். பிளக் நுனி பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, சரியாக எரிகிறது. செயினில் விரலை வைத்தேன், ஒயில் ஒட்டியது.