அண்ணாச்சி கணக்கை முடிச்ச கதை

கனடா வந்து ரெண்டாவது வருஷம், ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட்ல உக்காந்து புக்கீப்பிங் ஆரம்பிச்சேன். மொத க்ளையன்ட் நம்ம திருநெல்வேலிக்காரர், பெயின்டிங் கான்ட்ராக்டர், அண்ணாச்சின்னு தான் கூப்பிடுவேன். ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டப்ப "பாத்து குடுங்க அண்ணாச்சி"ன்னு வாய் தவறி சொல்லிட்டேன், எல்லாம் அங்க ஆரம்பிச்சது தான்.

ஒன்டாரியோல எச்எஸ்டி, நம்ம ஊரு ஜிஎஸ்டி மாதிரி விற்பனை வரி, 13%, அவருக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ, குவாட்டர் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள ஃபைல் பண்ணணும். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு நோ ஃப்ரில்ஸ் மளிகைக் கடை மஞ்சப் பை நிறைய ரசீதோட வந்து நிப்பார். ஊர்ல கல்யாண வீட்டுல குடுக்குற மஞ்சப்பை தான் ஞாபகம் வரும், உள்ள தேங்காய்க்குப் பதிலா கசங்குன பேப்பர், வேன் டேஷ்போர்டுல வெயில்ல கெடந்து பாதில எழுத்தே இருக்காது. குடும்பத்தோட சாப்பிட்ட பில்லையும் க்ளையன்ட் மீட்டிங்னு எழுதச் சொல்வார். நெசமாவே க்ளையன்ட்டுக்கு வாங்கிக் குடுத்த சாப்பாடே பாதி தான் செலவுல கழிக்க முடியும்னு எத்தன தடவ சொன்னாலும் "எழுதுப்பா, எவன் பாக்கப் போறான்"ம்பார். எனக்கு ரெண்டு பில் பாக்கி, கேட்டா "நாம என்ன அந்நியமா தம்பி".

காசு கூட போகட்டும், பொய்க் கணக்கு எழுதச் சொல்லி நச்சரிக்கிறது தான் தூங்க விடல.

பாதில விடக் கூடாதுன்னு ஜனவரி 31 ஃபைலிங்க முடிச்சுக் குடுத்துட்டு ஃபிப்ரவரி மொத வாரம் போன் போட்டேன். அவரு வருமான வரிய ஏப்ரல் 30க்குள்ள கட்டணும், ரிட்டர்னுக்கு ஜூன் 15 வரைக்கும் இருக்கு, வேற ஆள் பாக்க டைம் இருக்கும். காரணம் ஏதாவது சொல்லலாம்னு தான் நெனச்சேன், ஆனா வேலை ஜாஸ்தின்னா ராத்திரி பாருன்னுவார், காசுன்னா பேரம் பேசுவார், அதனால "இனிமே உங்க கணக்க நான் பாக்கல அண்ணாச்சி, வேற ரெண்டு பேர் நம்பர் தாரேன்"னு மட்டும் சொல்லி நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் "சரிப்பா"ன்னு வச்சிட்டார். எது முடிஞ்சது, எது பாக்கி, எந்த தேதின்னு ஒரு ஈமெயில் போட்டுட்டு, சிஆர்ஏ, அதாவது கனடா வரி ஆபீஸ் அக்கவுன்ட்ல அவரோட ரெப்ரசென்டேடிவ்னு இருந்த என் பேரையும் எடுத்துட்டேன்.

அடுத்த சனிக்கிழமை டிம் ஹார்ட்டன்ஸ்ல வச்சு பைய திருப்பிக் குடுத்தேன், ஆறு வருஷம் பத்திரமா வைங்க அண்ணாச்சின்னு சொல்லி. பாக்கில ஒரு பில்லுக்கு கேஷா எண்ணிக் குடுத்தார், இன்னொன்ன நானும் கேக்கல. காபிக்கு அவரே தான் காசு குடுத்தார், அந்த ரசீத மடிச்சு மஞ்சப் பைக்குள்ள போட்டுட்டு என்னப் பாத்தார்.

"பாதி தான் அண்ணாச்சி"ன்னேன்.