அப்பாவின் வாந்தியும் பக்கத்துத் தோட்டத்துப் பொட்டலமும்

கொடைக்கானல் மலையிலிருக்கும் பண்ணைக்காட்டிலிருந்து மதுரைக்கு அப்பாவைக் கீமோவுக்குக் கூட்டிப்போவேன். நுரையீரல் புற்று, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. மருந்து ஏறும் நாளைவிட அடுத்த மூன்று நாள்தான் கொடுமை. திரும்பும்போது வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கினாலே மடியில் பாலித்தீன் பையை விரித்துக்கொள்வார். காப்பித் தோட்டத்திலேயே காலம் கழித்தவருக்குக் காப்பி வாசனையே குமட்டியது. இரண்டு சுற்றில் நான்கு கிலோ இறங்கிவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருநாள் செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தைக் கொடுத்தார். “பால்ல காய்ச்சிக் கொடு பாப்பா, வாந்தி நிக்கும், பசியும் எடுக்கும்.” கஞ்சா. வைத்திருந்தாலே குற்றம் என்று தெரியும். ஆனாலும் அப்பா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது சட்டமா நினைவுக்கு வரும்? இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “கொடுத்துட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் பொறுமையாகச் சொன்னார். கஞ்சாவில் உள்ள, போதை தரும் டிஎச்சி (THC) என்ற வேதிப்பொருள் வாந்தியைக் குறைக்கும் என்பது உண்மைதான்; புற்றைக் குணப்படுத்தாது. அதையே செயற்கையாகத் தயாரித்த ட்ரோனாபினால், மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத கீமோ வாந்திக்கென்று 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. (நம் ஊர் போதைப்பொருள் சட்டமும் அதே 1985தான்.) அந்த மருந்தில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், பொட்டலத்தில் தெரியாது. பூஞ்சை பிடித்திருந்தால் கீமோவால் ரத்த வெள்ளணு குறைந்த உடம்புக்கு ஆபத்து. வயதானவருக்குத் தலைசுற்றல், படபடப்பு, மனக்குழப்பமும் வரலாம்.

அப்புறம் கேட்டார்: “எந்த நாள், எத்தனை தடவை வாந்தி எடுக்கிறார்?” காலண்டரில் குறித்திருந்ததைக் காட்டினேன். இரண்டாம் நாள் மட்டும் ஒன்பது கோடுகள். அப்பாவோ அதுவரை நர்ஸிடம் “பரவால்லம்மா” என்றே சொல்லி வந்திருக்கிறார்! அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றினார். பழைய மாத்திரைகளோடு நான்கு நாளைக்கு இரவில் ஓலான்சபின் 5 மில்லிகிராம். மனநோய்க்குக் கொடுப்பதாயிற்றே என்று மருந்துக்கடையில் சொன்னதும் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். கீமோ வாந்திக்கும் கொடுப்பதுதான், தூக்கம் மட்டும் அதிகம் வரும் என்றார்.

வந்தது. மூன்றாவது சுற்று முடிந்து திரும்பும்போது டம்டம் பாறை தாண்டியும் தூங்கிக்கொண்டே வந்தார், பை மடித்தபடியே இருந்தது. மறுநாள் இரண்டே கோடு. சாயங்காலம் அவராகவே மலைவாழைப்பழம் கேட்டார். உரித்துக் கொடுத்தேன், பாதி சாப்பிட்டார்.