வாட்டர்லூ ஸ்திரீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை

துளசி மாலையை முதல்நாளே சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் வாங்கி வைத்துவிட்டேன். காலையில் பென்கூலன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து, வாட்டர்லூ ஸ்திரீட் பூக்கடையில் ஒரு சீன ஆண்ட்டியிடம் தாமரை கேட்டேன். "கிருஷ்ணா?" என்றவர், கையில் எடுத்த பூவைக் கீழே வைத்துவிட்டு நல்ல மொட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தார்.

1870-ல் ஹனுமான் பீம் சிங் என்பவர் ஓர் ஆலமரத்தடியில் கண்ணன் சிலையை வைத்து வழிபடத் தொடங்கியதுதான் இன்றைய ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயம். பக்கத்தில், சீனர்கள் வணங்கும் குவான் இம் என்ற பெண்தெய்வத்துக்கு 1884-ல் எழுந்த குவான் இம் தோங் ஹுட் சோ கோயில். யூதர்களின் மகெய்ன் அபோத் ஆலயமும் இதே தெருவில்தான்.

கண்ணன் வாசலில் ஊதுபத்தி செருகும் பெரிய கலசம் இருக்கிறது. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் அங்கே நின்று, ஊதுபத்தியை நெற்றிவரை உயர்த்திக் கும்பிடுகிறார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயும் வருகிறார்கள். அன்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர். பட்டர் தீர்த்தம் தந்தபோது வலக்கையைக் குழித்து, இடக்கையை அடியில் கொடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கினார். சடாரிக்குத் தானாகவே தலை குனிந்தது. பல வருடப் பழக்கம்!

இப்படிக் கலப்பது சரியா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவறையில் பூஜை முறைப்படியே நடக்கிறது. வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இதில் குறைந்துபோனது என்ன?

குவான் இம் கோயிலையும் சொல்ல வேண்டும். கருணையே வடிவான அந்தத் தெய்வத்தின் காணிக்கை நோயாளிகளுக்கும் போய்ச் சேர்கிறது. தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அக்கோயிலின் பெயரில் இயங்குகிறது. மணிக்கணக்கில் இயந்திரத்தோடு படுத்திருப்பவரிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஜூலை 21 இன நல்லிணக்க நாளில் பிள்ளைகள் விதவிதமாக உடுத்திப் பள்ளிக்குப் போவது அழகுதான். ஆனால் அடுத்தவர் பசியையும் நோயையும் கவனிக்கும் இடத்தில்தான் மனிதர்கள் உண்மையாக நெருங்குகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

தரிசனம் முடித்து, பிரசாதம் வழங்கும் தொண்டூழியர்களோடு நானும் நின்றேன். மணக்க மணக்கப் புளியோதரை, தயிர்சாதம். கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம், சாப்பிட்டுக் கைகழுவியதும் நேராக என்னிடம் வந்தார். "கொஞ்சம் உட்காருங்கண்ணே, நான் போடறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். அந்தச் சீனப் பெரியவரும் வந்தார். ஒரு தட்டை வாங்கிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினார். பிறகு வெளியே கைகாட்டினார். சக்கர நாற்காலியில் அவர் மனைவி. தம்பி கரண்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டும் தண்ணீருமாக வெளியே போனார். அந்த அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சீனம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

கிளம்பும்போது தம்பி என் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ஓவர்டைம் இல்லையென்றால் காய் நறுக்கவே வந்துவிடுவாராம்.