நோயாளியைத் தொட அனுமதி உண்டா?

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்க நினைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம், அங்கே பணியாற்றிய அனுபவம் இருக்கிறதா என்ற கேள்வி சீக்கிரமே வந்து நிற்கும். அங்கே மருத்துவராக உரிமம் பெற எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் படித் தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா தோல்வியா என்பதோடு சரி. அந்தத் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டி முந்த வழியில்லாமல் போனதும், நம்மை நேரில் பார்த்த அமெரிக்க மருத்துவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தின் மதிப்பு ஏறிவிட்டது. "பட்டம் கைக்கு வருவதற்குள் போய்விட்டு வந்துவிடு. அதற்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் ஓரமாக நின்று பார்க்கத்தான் விடுவார்கள்" என்று சீனியர் அக்கா ஒருவர் எச்சரித்திருந்தார்.

பல்கலைக்கழக மருத்துவமனைகளில் எலக்டிவ் என்னும் மாணவர் விருப்பப் பயிற்சி கிடைத்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் அவற்றில் பல, வி.எஸ்.எல்.ஓ. என்ற பொதுத் தளம் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. எங்கள் கல்லூரி அதில் இணையவில்லை. மிஞ்சியது தனியார் கிளினிக்குகள். இந்த வட்டாரத்தில் இடைத்தரகு நிறுவனங்கள் ஏராளம். நான்கு வாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். எல்லோரும் 'நேரடிப் பயிற்சி' என்றே விளம்பரம் செய்கிறார்கள். நோயாளியிடம் நானே நோய் வரலாறு கேட்கலாமா, ஸ்டெதஸ்கோப் வைக்கலாமா, குறிப்பு எழுதலாமா, எனக்குக் காப்பீடு யார் எடுப்பது என்று எழுதிக் கேட்டேன். ஒரு நிறுவனம் 'அது மருத்துவரைப் பொறுத்தது' என்றது. பணம் கட்டிய பிறகுதான் அந்த மருத்துவர் யார் என்றே சொல்வார்களாம்!

கடைசியில் ஹூஸ்டனில் ஒரு பொதுமருத்துவரிடமிருந்து நேரடியாகப் பதில் வந்தது. சொந்த கிளினிக் நடத்திக்கொண்டே ஒரு மருத்துவக் கல்லூரியில் பகுதிநேரமாகக் கற்பிப்பவர். அவர் எழுதியது இதுதான்: வரலாறு கேட்கலாம், தன் மேற்பார்வையில் பரிசோதிக்கலாம். மருந்துச் சீட்டு, ஊசி எதிலும் கை வைக்கக் கூடாது. தான் நோயாளிகளைச் சேர்க்கும் மருத்துவமனை, ஒப்பந்தம் உள்ள கல்லூரிகளின் மாணவர்களை மட்டுமே அனுமதிப்பதால் அங்கே வர முடியாது. எது முடியாது என்பதை முதல் கடிதத்திலேயே சொன்ன மனிதரை நம்பலாம் என்று பட்டது.

விசாவில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மாணவர் எலக்டிவுக்கான பி-1 (குறுகிய கால வருகை) விசா விதி, அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆகவே தனியார் கிளினிக் என்றால் கேள்வி எழலாம். இந்தப் பயிற்சி எங்கள் படிப்பின் பகுதி என்ற டீனின் கடிதம், சம்பளம் இல்லை என்று தெளிவாகச் சொன்ன அழைப்புக் கடிதம், மருத்துவரின் கல்லூரிப் பதவிக்கான சான்று, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றோடு சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். 'சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிடு' என யோசனை சொன்னவர்கள் உண்டு. அதைக் கேட்காதீர்கள். உள்ளதைச் சொன்னேன், விசா கிடைத்தது. நான் போனபோது கட்டணம் 185 டாலர்.

தடுப்பூசிப் படிவம் நம்மவர்களுக்கு வேறொரு தலைவலி. பிறந்ததும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கையில் செய்யும் காசநோய்ச் சோதனை, நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும். முதலிலேயே குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் வீண் எக்ஸ்ரேயும் அலைச்சலும் மிச்சம். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றல் அளவையும் ஊரிலேயே பார்த்துக்கொண்டு போவது நல்லது.

கிளினிக்கில் நோயாளியை அறைக்கு அழைத்து வந்து எடை, ரத்த அழுத்தம் பார்ப்பது மருத்துவ உதவியாளர். அடுத்து நான் கதவைத் தட்டி, மாணவி என்று சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். சிலர் வேண்டாம் என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். அரசு மருத்துவமனை ஓ.பி.யின் நெரிசலில் பழகிய எனக்கு, ஒருவரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசலாம் என்பதே பெரிய செல்வமாகத் தெரிந்தது. ஸ்பானிஷ் மட்டுமே பேசுபவர்களுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வருவார். அப்போதும் பார்வை நோயாளியின் முகத்தில்தான் இருக்க வேண்டும், தொலைபேசியில் அல்ல.

வெளியே வந்து மருத்துவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலேயே வயது, பழைய நோய்கள், இன்றைய தொல்லை மூன்றும் வந்துவிட வேண்டும். இறுதியில் என் கணிப்பும் திட்டமும். நம் கல்லூரிகளில் வரலாற்றை ஒப்பிக்கச் சொல்வார்கள், நீ என்ன செய்வாய் என்று கேட்பது அபூர்வம். இவர் அதை மட்டும்தான் விடாமல் கேட்டார். பிறகு உள்ளே வந்து எல்லாவற்றையும் தானே மறுபடி பரிசோதிப்பார். என் குறிப்பு வரைவுதான். அவர் திருத்திக் கையெழுத்திட்டால்தான் பதிவு.

பாடநூல் சொல்லாத சங்கதி பணம். 2023 முதல், முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இன்சுலினுக்கு நோயாளி தரும் பங்கு மாதம் 35 டாலரைத் தாண்டாது. அதனால் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர் நிம்மதியாக வாங்கிப் போகிறார். அடுத்த அறையில் ஐம்பது வயதுக் கட்டடத் தொழிலாளி, காப்பீடே இல்லாமல், ஊசியின் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறார். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்காத மாநிலங்களில் டெக்சாஸும் ஒன்று. அவருடைய ஹெச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரை அளவு) ஏன் இறங்கவில்லை என்பதற்கு நான் அடுக்கிய காரணங்களில் இது இல்லவே இல்லை. "மருந்தை வாங்க முடிகிறதா என்று முதலில் கேள்" என்றார் மருத்துவர். அன்று மாலை, விலை குறைந்த இன்சுலினுக்கு மாற்ற அவர் மருந்துக்கடையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

தங்குமிடத்தைக் கிளினிக்குக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். ஹூஸ்டன் கார் உள்ளவர்களின் ஊர். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்தில் போய்விடும். வாடகை கொஞ்சம் கூடினாலும் டாக்ஸிச் செலவோடு ஒப்பிட்டால் அது லாபம்.

கடிதத்தைப் பற்றி கடைசி வாரத்தில் பேசினேன். ரெசிடென்சிக்கான ஈராஸ் விண்ணப்பத் தளத்தில் புதிய பருவம் ஜூன் மாதம்தான் திறக்கும். எனக்கோ பட்டம் வாங்கவே காலம் இருந்தது. நினைவு கலையும் முன் எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். கடிதத்தைப் பார்க்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். அப்படிச் செய்தால்தான் தேர்வுக் குழுவினர் அதை நம்புவார்கள். அவர் என் எதிரிலேயே கணினியில் ஒரு கோப்பைத் திறந்து, நான் பார்த்த நோயாளிகளில் எந்த மூவரைப் பற்றி எழுதலாம் என்று கேட்டார். முதலில் அந்தத் தொழிலாளியைச் சொன்னேன்.