அயோடின் நிறம் போகும் வரை

கார்பனோடு கார்பனைக் கோர்க்க உதவும் மெக்னீசியச் சேர்மம்தான் கிரிக்னார்டு வினைபொருள். பாடப் புத்தகத்தில் அதன் தயாரிப்பு ஒரே வரியில் முடிந்துவிடும்: ஹாலைடு (புரோமின் போன்ற ஹாலஜன் ஒட்டிய கார்பன் சேர்மம்), மெக்னீசியம், கரைப்பானாக உலர் ஈதர். அந்த 'உலர்' எவ்வளவு பெரிய சொல் என்பது ஓசூரில் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஐப்பசி மாதம், நாலு நாளாக விடாத மழை. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி நனைந்தபடியே போய்ச் சேர்ந்தேன். அன்று ஃபீனைல் மெக்னீசியம் புரோமைடு என்ற கிரிக்னார்டு வினைபொருளைத் தயாரிக்க வேண்டும். ஓவனில் நன்றாகக் காய வேண்டிய குடுவையை அவசரப்பட்டுச் சீக்கிரமே எடுத்துவிட்டேன். மெக்னீசியம் சீவல், ஈதர், ஒரு துணுக்கு அயோடின், மேலே நைட்ரஜன். மேலே பொருத்திய புனலிலிருந்து, ஹாலைடான புரோமோபென்சீனில் கொஞ்சம் விட்டுக் காத்திருந்தேன். இருபது நிமிடம் ஆகியும் அயோடினின் பழுப்பு நிறம் போகவில்லை. அளவு போதவில்லை போல என்று நினைத்துப் புனலின் குழாயைத் திறந்து பாதியை உள்ளே விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நிறம் சட்டென்று வெளுத்தது. சீவல்களைச் சுற்றிக் குமிழிகள், சாம்பல் கலங்கல், அப்புறம் ஒரே கொதிப்பு. ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும்; ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரின் உச்சி வரை பொங்கி ஏறியது. பக்கத்து மேசை அண்ணன் ஐஸ் தொட்டியைக் குடுவைக்கு அடியில் தள்ளினார். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

"ஆரம்பிக்காம ஊத்தக் கூடாது தம்பி. உள்ள சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்துல எரிஞ்சு விழும்" என்றார்.

மெக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும். அயோடின் அதை அரித்து உலோகத்தைத் திறந்துவிடுகிறது. ஈரம் இருந்தால் தொடக்கம் தள்ளிப்போகும். உருவான வினைபொருளும் தண்ணீர் பட்டால் வெறும் பென்சீனாகிவிடும். மெக்னீசியத்தோடு பிணைந்த கார்பனுக்கு எதிர்மின் தன்மை உண்டு. அதனால்தான் அது, ஆக்சிஜனோடு பிணைந்து நேர்மின் தன்மை பெற்ற கீட்டோனின் கார்பனைத் தேடிப் போய் ஒட்டுகிறது. பென்சோபீனோன் என்ற கீட்டோனுடன் சேர்த்து, பிறகு அமிலம் விட்டால் டிரைஃபீனைல் மெத்தனால். உலர் பனியில், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடில், ஊற்றி அமிலம் சேர்த்தால் பென்சாயிக் அமிலம். கார்பனோடு கார்பனைக் கோர்க்க இதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

பிரான்சின் லியோன் நகரில் வேதியியலாளர் பார்பியே ஹாலைடு, மெக்னீசியம், கீட்டோன் எல்லாவற்றையும் ஒரே குடுவையில் போட்டார். விளைவு சீராக வரவில்லை. அவருடைய மாணவர் விக்டர் கிரிக்னார்டு 1900-இல் மெக்னீசியச் சேர்மத்தை முதலில் தனியாக உருவாக்கிவிட்டு, அதன் பிறகே கீட்டோன் போன்ற அடுத்ததைச் சேர்த்தார். 1912-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளரான சபாத்தியேவுக்கும் கிடைத்தது.

இன்றும் ஐஸ் தொட்டியை வைத்துவிட்டுத்தான் புரோமோபென்சீன் பாட்டிலையே திறக்கிறேன். முதலில் கொஞ்சம் விட்ட பிறகு, பழுப்பு நிறம் போகும் வரை புனலின் குழாயில் கை வைப்பதில்லை.