சீட்டில் எழுதிய ‘கை நடுக்கம்’: அரை நாள் வீண்

ஓ.பி. சீட்டில் ‘கை நடுக்கம்’ என்று யாரோ எழுதிவிட்டார்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவர், தாம்பரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், நரம்பியல் வரிசையில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். ‘பார்கின்சன் இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். வார்டுக்கு வந்தபோது பேச்சு குழற ஆரம்பித்திருந்தது.

இது நடுக்கமே இல்லை. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் தசை ஒரு கணம் விசையை விட்டுவிடுகிறது. கை சட்டென்று தொங்கி, உடனே எழுகிறது. பெயர் அஸ்டெரிக்சிஸ். 1949-லேயே நரம்பியல் மருத்துவர்கள் ஆடம்ஸும் ஃபோலியும் கல்லீரல் நோயாளிகளிடம் பார்த்து எழுதியது. மடியில் கிடக்கும் கையில் தேடினால் கிடைக்காது.

காலையில் ஐந்து விநாடி கையை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். போதாது. டிராஃபிக் போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல் இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து, 30 விநாடி பிடிக்க வேண்டும். இவருக்குப் பன்னிரண்டாவது விநாடி வரை ஒன்றுமில்லை. பிறகு விரல்கள் பக்கவாட்டில் துடித்தன, வலது கை ஒருமுறை விழுந்தது, அடுத்து இடது. கை நீட்ட முடியாத அளவு மயக்கமாக இருந்தால் நம் இரண்டு விரலைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி விட்டுவிட்டு இறுகும். ஆழ்ந்த மயக்கத்தில் இந்த அறிகுறியே மறைந்துவிடும். கை விழுவது நின்றுவிட்டது, தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கல்லீரல் கழிக்காத அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைக் குழப்பும். அதை அளக்க எடுத்த ரத்தமும் முதல் முறை வீண்தான். ஐஸ் இல்லாமல் போனதால் லேப் திருப்பிவிட்டது. ஐஸில் வைத்து, கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்காக, மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸை நிறுத்தி வைக்கவில்லை.

காரணத்தைச் சொன்னது மனைவி: நான்கு நாளாக மலம் போகவில்லை. அதை யாருமே கேட்கவில்லை! ரத்தக்கசிவு, தொற்று, பொட்டாசியம் குறைவு, தூக்க மாத்திரை இவற்றையும் கேட்டாக வேண்டும். ஒரு நாளைக்கு 2-3 முறை இளகிப் போனால் லாக்டுலோஸ் அளவு சரி. அதற்கு மேல் பேதியானால் நீர் வற்றிக் குழப்பம் கூடும்.

சிறுநீரகச் செயலிழப்பிலும், நுரையீரல் நோயில் கார்பன் டை ஆக்சைடு தேங்கினாலும், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளாலும் கை இதேபோல் விழுந்து எழும். ஒரே ஒரு கையில் வந்தால் கதை வேறு: எதிர்ப்பக்க மூளையில், பெரும்பாலும் அதன் உட்பகுதியான தலாமஸில், பாதிப்பு இருக்கலாம். அப்போது ஓ.பி. வரிசை வேண்டாம், நேராகக் கேஷுவால்டி, ஸ்கேன்.

மூன்றாம் நாள் காலை 30 விநாடியும் கை அசையாமல் நின்றது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நடுக்கம்’ என்ற சொல்லை எழுதவில்லை.