‘மாற்றியமைக்கலாம்’ என்ற சொல்லுக்குள் 430 பில்லியன் டொலர் அடங்குமா?

அமெரிக்காவில் பிள்ளை படிக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்பவும் ஒரு கதை ஓடுது: “ஜனாதிபதி பைடன் படிப்புக்கடனைத் தள்ளுபடி செய்தவர், கோடு மறிச்சுப்போட்டுது.” அதில் பாதிதான் சரி. நிவாரணம் நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. அதைக் கொடுக்கிற அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றுதான் கேட்டது.

அரசு காட்டியது 2003ஆம் ஆண்டின் ஹீரோஸ் சட்டத்தை. போர், தேசிய அவசரநிலை போன்ற காலங்களில் மாணவர் கடன் விதிகளை ‘விலக்கவோ மாற்றியமைக்கவோ’ கல்விச் செயலாளருக்கு (அங்கே கல்வி அமைச்சர்) அது இடம் கொடுக்கிறது. கொரோனா அவசரநிலையை வைத்து 2022 ஆகஸ்டில் திட்டம் வந்தது: ஆளுக்கு 10,000 டொலர் வரை, பெல் உதவிப்பணம் (வசதி குறைந்த மாணவருக்கு அரசு கொடுப்பது) பெற்றவருக்கு 20,000 வரை, தனியாளின் ஆண்டு வருமானம் 125,000க்குக் கீழே. செலவு ஏறத்தாழ 430 பில்லியன்.

2023 ஜூன் 30 அன்று உயர் நீதிமன்றம் 6–3 என்று அதை முறித்தது. ‘மாற்றியமைத்தல்’ என்றால் உள்ளதில் சிறிதாகக் கைவைப்பது. இதை ‘மாற்றியமைத்தல்’ என்பது, பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் நிலையை ‘மாற்றியமைத்தது’ என்று சொல்வதுபோலத்தான் என்று தலைமை நீதியரசர் ஜோன் றொபேர்ட்ஸ் எழுதினார். விதி ஒன்றை விலக்கிவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒரு தள்ளுபடித் திட்டத்தை எழுதிவைப்பதும் ‘விலக்கல்’ ஆகாது. இவ்வளவு பெரிய தொகைக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தெளிவான அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்.

என் பார்வையில் வழக்கின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது: வழக்குப் போட யாருக்கு உரிமை? ஆறு மாநிலங்கள் நீதிமன்றம் போயின. வழக்காட உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது மிசூரிக்கு மட்டும்தான். அது உருவாக்கிய மொஹெலா என்ற கடன் சேவை நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மில்லியன் டொலர் கட்டணத்தை இழக்கும் என்பதே கணக்கு. மொஹெலா தானாக வழக்காடக்கூடிய தனி அமைப்பு, அது வழக்கே போடவில்லையே என்று நீதியரசர் எலெனா ககன் மறுத்து எழுதினார். அந்த வாதம் கனமானது. அதே நாளில், கடனாளிகள் இருவர் போட்ட வழக்கு, உரிமை இல்லை என்று ஒன்பது பேராலும் தள்ளப்பட்டது.

இதற்குள் 1.6 கோடிப் பேரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. ஏற்புக் கடிதம் கையில், நிலுவை அப்படியே. கொரோனாவுக்காக நிறுத்தியிருந்த வட்டி 2023 செப்டெம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியது, தவணை ஒக்டோபரில்.

காங்கிரஸே எழுதிய வழிகளை இந்தத் தீர்ப்புத் தொடவில்லை. அரச, இலாபநோக்கற்ற வேலையில் இருந்து 120 தகுதியான தவணைகள் கட்டினால் மீதி போகும். நிரந்தர மாற்றுத்திறனாளிக்கும் தள்ளுபடி உண்டு. கனபேர் பிழைவிடுவது இங்கேதான்: வட்டி குறைவென்று தனியார் வங்கிக்கு அரச கடனை மாற்றினால் இந்த உரிமைகள் எல்லாம் போய்விடும், திரும்ப வராது.

எங்கட நாட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் நாடாளுமன்றத்திடம் வைக்கிறது. மேடையில் ‘கடன் தள்ளுபடி’ என்று கேட்டவுடன் தவணையை நிறுத்த வேண்டாம். எந்தச் சட்டத்தின் கீழ், காசு எந்த ஒதுக்கீட்டிலிருந்து, வங்கிக்குச் சுற்றறிக்கை வந்ததா என்று கிளையில் கேளுங்கள். வந்திருந்தால், நிலுவை பூச்சியம் என்று எழுத்தில் வாங்குங்கள்.